முகப்பு விளக்கும் அதன் எல்லைக்கோடும்: சுபாங் ஜெயா வயர்மேன் தொழிலின் அனுபவங்கள்

காரின் முகப்பு விளக்கைப் பிரகாசமாக்கித் தரும்படி கேட்டு வருபவரும், அதன் தோற்றத்தை மாற்றித் தரும்படி கேட்டு வருபவரும் சுபாங் ஜெயாவின் வயர்மேன் கடைகளில் பெரும்பாலும் ஒரே ஆளாகவே இருப்பதால், இவ்விரண்டையும் ஒரே வேலையாக எண்ணிச் செய்யும் வழக்கம் இங்கே வேரூன்றியிருக்கிறது. மலேசியாவில் வயர்மேன் என்று அழைக்கப்படுபவர் வாகனத்தின் மின்கம்பி, பேட்டரி, விளக்கு ஆகியவற்றின் வேலைகளை மட்டும் பார்ப்பவர். எஞ்சினைப் பிரித்து மாட்டும் ஃபோர்மனின் தொழில் வேறு. 1976ஆம் ஆண்டு தொடங்கி சீஃபீல்டு ரப்பர்த் தோட்டத்தின் நிலத்தில் எழுந்த இந்நகரில், பெர்சியாரான் கெவாஜிப்பான் சாலை ஆனாலும், பக்கத்திலேயே ஓடும் கூட்டரசு நெடுஞ்சாலை ஆனாலும், இரவு முழுவதும் தெருவிளக்குகள் எரிவதால், காரின் உரிமையாளர் தம் முகப்பு விளக்கின் உண்மையான திறனை உள்ளூரில் அறிவதற்கு வாய்ப்பே இல்லை. கெரிக்கிலிருந்து ஜெலிக்குச் செல்லும் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் யானை கடக்கும் இடம் என்ற எச்சரிக்கைப் பலகையைத் தாண்டும்போதோ, கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களின் நடுவே செல்லும்போதோதான் அத்திறன் சோதிக்கப்படுகிறது. ஆனால் விளக்கு நன்றாக இருக்கிறதா என்ற தீர்ப்போ கடையின் சுவருக்கு எதிரே, பத்தடித் தொலைவில், இரண்டு நிமிடங்களில் வழங்கப்பட்டுவிடுகிறது. இத்தொழிலில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்தச் சுவரிலிருந்தே தொடங்குகின்றன.

சுவரில் பளீரென்று தெரியும் விளக்கு சாலையில் நன்றாகக் காட்டும் என்பது உண்மையன்று. காருக்கு முன்னால் ஐந்து, பத்து மீட்டருக்குள் ஒளி மிகுந்து விழுமானால், ஓட்டுநரின் கண்மணி அந்த ஒளிக்கு ஏற்பச் சுருங்கிக்கொள்ள, அறுபது மீட்டருக்கு அப்பால் பின்விளக்கில்லாமல் செல்லும் மோட்டார் சைக்கிள் இருளோடு இருளாகக் கலந்துவிடும். அவர் மனத்திலோ நிறைய வெளிச்சம் இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் வளரும். முகப்பு விளக்கின் தரம் அது உமிழும் ஒளியின் மொத்த அளவில் இல்லை. எந்த இடத்தில் ஒளியைக் குவிக்கிறது, எந்த இடத்தில் அதை வரவிடாமல் தடுக்கிறது என்பதில்தான் இருக்கிறது. லோ பீம் எனப்படும் தாழ்ஒளியின் மேல் விளிம்பில் ஒளியும் இருளும் பிரியும் எல்லைக்கோட்டை இத்தொழிலில் ‘கட்-ஆஃப்’ என்பார்கள். மலேசியாவில் வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் செல்வதால், இக்கோடு வலப்பக்கத்தில் தாழ்ந்து, எதிரே வருபவரின் கண்ணைக் காத்து, இடப்பக்கத்தில் சற்று ஏறிச் சாலையோரத்தையும் நடந்து செல்பவரையும் காட்ட வேண்டும். பிரகாசத்திற்கான எந்த மாற்றமும் இக்கோட்டைக் கெடுக்காமல் நடந்தால் மட்டுமே அதை மேம்பாடு என்று சொல்ல முடியும்.

இந்நாட்டின் சாலைகளில் நெடுங்காலம் ஆட்சி செய்த எச்-4 பல்பின் அமைப்பைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். ஐரோப்பாவில் 1962ஆம் ஆண்டில் எச்-1 என்ற பெயரில் தொடங்கிய ஹாலஜன் பல்பு வரிசையைச் சேர்ந்த இதில், தாழ்ஒளிக்கு 55 வாட், ஹை பீம் எனப்படும் உயர்ஒளிக்கு 60 வாட் என இரண்டு இழைகள் ஒரே கண்ணாடிக் குமிழுக்குள் இருக்கின்றன. தாழ்ஒளி இழை ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீட்டர் நீளமே உள்ளது. அதன் கீழே ஒரு சிறு உலோகக் கிண்ணம் அமைந்து, கீழ்நோக்கிச் செல்லும் ஒளியை மறைத்துவிடுவதால், விளக்கின் குழிவான எதிரொளிப்பானின் மேல்பாதி மட்டுமே ஒளி பெற்று அதைச் சாலையை நோக்கித் தாழ்த்தி அனுப்புகிறது. கட்-ஆஃப் கோட்டை வரைவது அந்தக் கிண்ணத்தின் விளிம்பே. 13.2 வோல்ட் மின்னழுத்தத்தில் இப்பல்பின் தாழ்ஒளி சுமார் 1,000 லூமென் அளவும், ஒரே இழை கொண்ட எச்-7 பல்பு 1,500 லூமென் அளவும் ஒளி தர வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குமுறை எண் 37 வரையறுக்கிறது. லூமென் என்பது ஒரு விளக்கு எல்லாத் திசைகளிலும் உமிழும் ஒளியின் மொத்த அளவு. பல்பின் பெட்டிமேல் பெரிய எண்ணாக அச்சிடப்படுவதும் அதுவே.

எதையும் புதிதாக வாங்கும் முன்னர்ப் பார்க்க வேண்டியது விளக்கின் வெளிமூடி. இன்றைய கார்களில் அது பாலிகார்பனேட் என்ற நெகிழியால் ஆனது; அதன்மேல் பூசப்பட்ட கடினமான காப்புப் பூச்சு, ஆண்டு முழுவதும் அடிக்கும் வெயிலின் புறஊதாக் கதிரால் தேய்ந்தபின் மூடி மஞ்சளித்து, மங்கி, ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. வெயிலில் பத்தாண்டு நின்ற முதல் தலைமுறை மைவி கார் ஒன்றின் மூடியைச் சரிசெய்தாலே, புதுப் பல்பு வாங்க வந்தவர் அது தேவையில்லை என்று திரும்பிச் செல்வதுண்டு. வேலை கடினமானதன்று, பொறுமையானது. 800ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி, தண்ணீர் ஊற்றியபடியே 1,200, 2,000, 3,000 என்று மென்மையான தாள்களுக்கு ஏறிச் சென்று, இறுதியில் பாலிஷ் போட வேண்டும். பற்பசை தேய்த்துப் பளபளப்பாக்கும் வழக்கமும் இருக்கிறது. பழைய பூச்சு போன இடத்தில் புதிய பூச்சு வராததால் அப்பளபளப்பு சில மாதங்களில் மறைந்து, மூடி முன்னிலும் வேகமாக மஞ்சளிக்கிறது. புறஊதாவைத் தடுக்கும் கிளியர் கோட் பூசினாலோ, தெளிவான காப்புப் படலம் ஒட்டினாலோதான் வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும். கறுப்புச் சாயம் ஏறிய படலத்தை அழகுக்காகக் கேட்பவர்களுக்கு மறுத்துவிடுவதே நேர்மை. அது ஒளியை விழுங்குவதோடு சம்மனையும் கொண்டுவரும்.

அடுத்தது மின்னழுத்தம். இழைப் பல்பின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4 மடி அடுக்குக்கு ஏற்ப மாறும் என்பதால், மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் ஒளி முப்பது விழுக்காடு குறைந்துவிடும். புரோட்டோன் வீரா காலத்துக் கார்கள் பலவற்றில் பல்புக்கான மின்னோட்டம் முழுவதும் ஸ்டீரிங் அருகே உள்ள சுவிட்ச் வழியாகச் சுற்றி வருகையில், பழுப்பேறிய இணைப்புகளிலும் மெல்லிய கம்பியிலும் ஒரு வோல்ட்டுக்கு மேல் இழக்கப்படுவது அரிதன்று. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையிலும் பல்பின் சாக்கெட்டிலும் அளந்து பார்த்து, வேறுபாடு மிகுந்திருந்தால், பேட்டரியிலிருந்து தடித்த கம்பியை ஃபியூஸ், ரிலே வழியாக நேரே பல்புக்குக் கொண்டுவருவதே தக்க பரிகாரம். ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் இயங்கிப் பெரும் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். இதைச் செய்யாமல் 100/90 வாட் பல்பை மட்டும் மாட்டினால், பழைய கம்பியில் ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட மின்னோட்டம் பாய்ந்து, சாக்கெட் உருகி, எதிரொளிப்பானின் பளபளப்புப் பூச்சும் கருகும்.

ஆனால் இன்று கடைக்கு வருபவர்களில் மிகப் பலர் கேட்பது ஹாலஜன் பல்பின் இடத்தில் அப்படியே மாட்டும் எல்.இ.டி. பல்பையே. இப்பல்பின் உயிரான சில்லுகள் மலேசியருக்கு அயலானவை அல்ல. கெடா மாநிலத்தின் கூலிமில் ஓஸ்ராம் நிறுவனம் 2017ஆம் ஆண்டில் எல்.இ.டி. சில்லு ஆலை ஒன்றைத் திறந்தது, பினாங்கில் லூமிலெட்ஸ் நிறுவனம் பல ஆண்டுகளாக இயங்கி வருகிறது. சில்லின் தரத்தில் குறை இல்லாதபோதும் குறை வருவது அமைப்பில். மெல்லிய உருளையாகச் சுற்றிலும் ஒளி வீசிய இழையின் இடத்தில், உலோகப் பலகை ஒன்றின் இரு பக்கங்களிலும் தட்டையான சில்லுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. அப்பலகையின் தடிமன் மிகுதியானாலோ, சில்லு ஒரு மில்லிமீட்டர் முன்பின் தள்ளி நின்றாலோ, எதிரொளிப்பான் எதிர்பார்த்த இடத்தில் ஒளி பிறக்காது, கட்-ஆஃப் கோடும் கலைந்துபோகும். சில்லுகள் இரண்டும் நேர் இடமும் வலமும் பார்க்கும்படி பல்பைத் திருப்பி மாட்ட வேண்டும் என்ற எளிய செய்தியைக்கூடக் கவனியாமல் மாட்டப்பட்ட கார்களே எதிரே வருபவர்களைத் திணறடிப்பவற்றில் மிகுதி. ஜெர்மனியில் 2020ஆம் ஆண்டில் ஓஸ்ராமின் எல்.இ.டி. மாற்றுப் பல்பு ஒன்றுக்கு முதன்முறையாகச் சாலை அனுமதி கிடைத்தபோது, அது எல்லாக் கார்களுக்கும் பொதுவாக வழங்கப்படவில்லை. சோதித்துத் தேறிய குறிப்பிட்ட கார் மாடல்களுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. பல்பைத் தனியாகவும் விளக்கைத் தனியாகவும் மதிப்பிட முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

எல்.இ.டி. பல்பின் மற்றொரு சிக்கல் வெப்பம். இழைப் பல்பு தன் வெப்பத்தின் பெரும்பகுதியை ஒளியோடு முன்னே வீசிவிடுகிறது, எல்.இ.டி.யின் வெப்பமோ பின்புறம் தங்குவதால், அதை அகற்ற உலோக இறகுகளும் சிறு விசிறியும் தேவைப்படுகின்றன. மாட்டியவுடன் ஒளிமானியில் நல்ல அளவு காட்டிய பல்பு, போனெட்டை மூடி எஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட்டபின் அளந்தால் கணிசமாகக் குறைந்திருப்பதைக் காணலாம். ஆகவே முதல் நிமிட அளவை நம்பி விலை கொடுப்பது தவறு. விசிறி நீட்டிக்கொண்டிருப்பதால் விளக்கின் பின்புற ரப்பர் மூடியை மாட்ட முடியாமல் அதில் துளை போட்டோ, அதைக் கழற்றி எறிந்தோ விடுகிறார்கள். பின்னர் ஒவ்வொரு மாலை மழைக்கும் விளக்கினுள் நீர் கோக்கிறது. மலிவான பல்பின் மின்சுற்று எழுப்பும் குறுக்கீட்டால், விளக்கைப் போட்டதும் வானொலியில் மின்னல் எஃப்.எம். இரையத் தொடங்குவதும் இந்தத் தொழிலில் நன்கு அறிந்த புகார்களுள் ஒன்று.

எச்.ஐ.டி. எனப்படும் செனான் விளக்கு 1991ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ 7 வரிசைக் காரில் அறிமுகமானது. அதன் டி2எஸ் பல்பு வெறும் 35 வாட்டில் சுமார் 3,200 லூமென் தருகிறது என்பதால், அதை ஹாலஜன் விளக்குக்குள் மாட்டித் தரும் மலிவுத் தொகுதிகள் இங்கே ஒரு காலத்தில் பெருகின. 2,000 லூமெனுக்கு மேற்பட்ட பல்புகளைக் கொண்ட தாழ்ஒளி விளக்குகளுக்குத் தானே உயரத்தைச் சரிசெய்யும் கருவியும் மூடியைக் கழுவும் கருவியும் வேண்டும் என்று ஒழுங்குமுறை எண் 48 விதித்ததன் காரணம், அந்த அளவு ஒளி கொஞ்சம் தவறிப் போனாலும் எதிரே வருபவரைக் குருடாக்கிவிடும் என்பதே. உற்பத்தியாளர் பொருத்தாத இத்தகைய விளக்குகளைச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே குற்றமாகக் கருதிச் சம்மன் வழங்கி வருகிறது. வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பகோமின் பரிசோதனைக்குப் போகுமுன் பழைய பல்பை மாட்டி, திரும்பியதும் கழற்றும் வழக்கத்துக்குத் துணைபோகும் கடைகள் தொழிலின் பெயரைக் கெடுக்கின்றன. பரிசோதனையின் நோக்கம் வாகனம் ஒரு நாள் மட்டும் ஒழுங்காக இருப்பதன்று.

ஒளியின் நிறத்தைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. கெல்வின் என்ற அளவால் குறிக்கப்படும் நிறவெப்பநிலை ஹாலஜனுக்குச் சுமார் 3,200, செனானுக்குச் சுமார் 4,300. 6,000க்கு மேல் போகப் போக நீலம் ஏறும். நீல நிறத்துக்காகப் பூச்சிட்ட ஹாலஜன் பல்பு, ஒளியின் ஒரு பகுதியைத் தன் பூச்சிலேயே இழந்துவிடுகிறது. மழையில் எந்த விளக்கும் வலுவிழந்து தோன்றுவதற்கு நனைந்த தார்ச்சாலை ஒளியைக் கண்ணாடிபோல முன்னோக்கித் தள்ளிவிடுவதே முதற்காரணம். நிறத்தை மாற்றி அதை முற்றிலும் தீர்க்க முடியாது.

தோற்றமும் ஒளியும் உண்மையாகவே ஒன்றுசேரும் வேலை புரொஜெக்டர் பொருத்துவது. புரொஜெக்டரில் நீள்வட்ட எதிரொளிப்பான் ஒளியை ஒரு புள்ளியில் குவிக்க, அங்கே நிற்கும் உலோகத் தகடு அதன் கீழ்ப்பகுதியை மறைக்க, முன்னுள்ள வில்லை அப்பிம்பத்தைத் தலைகீழாக்கிச் சாலைமேல் வீசுகிறது. அதனால் கட்-ஆஃப் கோடு கத்தியால் வெட்டியது போன்ற கூர்மையோடு அமைகிறது. உயர்ஒளி தேவைப்படும்போது சிறு மின்காந்தம் தகட்டைக் கீழே இழுத்துக்கொள்ளும் வகையை ‘பை-எல்.இ.டி.’, ‘பை-செனான்’ என்பார்கள். ஜப்பானில் காரின் முன்பாதியை அப்படியே வெட்டிக் கப்பலில் அனுப்பும் ‘ஹாஃப்-கட்’ வணிகம் கிள்ளான் வட்டாரத்தில் நன்கு வேரூன்றியிருப்பதால், கொய்த்தோ, ஸ்டான்லி நிறுவனங்கள் தயாரித்த நல்ல புரொஜெக்டர்கள் அங்கே பழைய பொருளாகக் கிடைக்கின்றன. ஜப்பானும் இடப்பக்கம் ஓட்டும் நாடாதலால் அவற்றின் கட்-ஆஃப் நமக்குப் பொருந்துகிறது. வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கென்று செய்யப்பட்டவற்றை மலிவாகக் கிடைக்கிறதே என்று மாட்டினால், கோட்டின் ஏற்றம் எதிரே வருபவரின் முகத்தை நோக்கியே போகும்.

விளக்கைத் திறப்பதே இவ்வேலையின் கடினமான கட்டம். மூடியையும் உடலையும் ஒட்டியிருக்கும் பியூட்டைல் பசை வெப்பத்தில் இளகும் என்பதால், பல்புகளையும் மின்பலகைகளையும் கழற்றிவிட்டு, விளக்கை அடுப்பில் ஏறத்தாழ 90 முதல் 100 பாகை செல்சியஸில் பத்து நிமிடம் வைத்து, சூடு ஆறுமுன் மெல்லப் பிரிக்க வேண்டும். பாலிகார்பனேட் 147 பாகையளவில்தான் இளகும் என்றாலும், உள்ளே உள்ள அலங்காரச் சட்டங்களின் நெகிழி அதற்கு வெகுமுன்பே வளைந்துவிடும். ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் இளகாத கடினப் பசை இருப்பதால் அறுத்தே திறக்க வேண்டியிருக்கிறது. அத்தகைய விளக்கை ஏற்கத் தயங்குவது அறிவுடைமை. உள்ளே சட்டத்துக்குக் கறுப்பு வண்ணம் பூசும்போது, அது முழுவதும் காய்ந்து ஆவி வெளியேறுமுன் மூடிவிட்டால், விளக்கின் சூட்டில் எழும் ஆவி மூடியின் உட்புறத்தில் படலமாகப் படிந்து, விளக்கை மறுபடி திறக்காமல் துடைக்க முடியாத நிலையை உண்டாக்கும். பி.எம்.டபிள்யூ 5 வரிசையில் 2000ஆம் ஆண்டளவில் வந்து உலகெங்கும் பின்பற்றப்பட்ட ‘ஏஞ்சல் ஐ’ ஒளிவளையத்தைப் பொருத்துவதில் தவறில்லை, அதன் பசையும் இதே குற்றத்தைச் செய்யாதிருக்குமானால். முன்புறம் சிவப்பு ஒளி காட்டும் அலங்காரத்தை மட்டும் ஒருபோதும் ஏற்கக் கூடாது. சிவப்பு, வாகனத்தின் பின்புறத்துக்கு உரிய நிறம். புரொஜெக்டரை இறுக்குமுன், இரு பக்கக் கோடுகளும் ஒரே மட்டத்தில், சாயாமல் நிற்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மூடியபின் திருகால் மேலும் கீழும் அசைக்கலாமே தவிர, சாய்வைத் திருத்த வழியில்லை.

இவ்வளவும் செய்தபின் எஞ்சும் வேலையே எல்லாவற்றிலும் பெரியது: விளக்கின் உயரத்தைக் குறிவைத்தல். தாழ்ஒளி ஒரு விழுக்காடு சரிய வேண்டும் என்பது பரவலான அளவு; அதாவது பத்து மீட்டர் தள்ளியுள்ள சுவரில் கட்-ஆஃப் கோடு விளக்கின் மையத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். விளக்கு தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், ஒளி 65 மீட்டர் தொலைவில் சாலையைத் தொடும். சரிவை அரை விழுக்காடாக்கினால் அது 130 மீட்டராகிறது; “அண்ணே, இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி விடுங்க” என்று வாடிக்கையாளர் கேட்பதற்குக் காரணம் இதுவே. ஆனால் பின்னிருக்கையில் மூவரும் பின்பெட்டியில் தீபாவளிச் சாமான்களும் ஏறியபின் காரின் பின்புறம் ஐந்து சென்டிமீட்டர் அமிழ்ந்தால், இரு அச்சுகளுக்கும் இடையே இரண்டரை மீட்டர் உள்ள சிறு காரில் அது இரண்டு விழுக்காடு மேல்நோக்கிய சாய்வாகும். ஒரு விழுக்காடு கீழே பார்த்திருந்த விளக்கு இப்போது ஒரு விழுக்காடு மேலே பார்க்கிறது. ஊருக்குப் போகும் வழி முழுவதும் எதிரே வருபவர்களின் கண்களில் பாய்கிறது. மோட்டார் சைக்கிள் ஓட்டிகளே இதற்கு முதலில் இரையாகிறவர்கள். பல கார்களில் ஸ்டீரிங்குக்கு அருகே 0 முதல் 3 வரை எண்ணிட்ட சிறு சக்கரம் ஒன்று இதற்கென்றே இருந்தும், அது எதற்கு என்று அறியாத உரிமையாளர்கள் மிகுதி. காரைத் திருப்பிக் கொடுக்கும்போது அதைச் சுழற்றிக் காட்டுவது வயர்மேனின் கடமைகளுள் ஒன்றாக வேண்டும்.

குறிவைக்கும் முன் டயர்க் காற்றைச் சரிபார்த்து, எண்ணெய்த் தொட்டி பாதியளவு நிறைந்திருக்க, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்கார வைக்க வேண்டும். இதில் பலர் மறக்கும் ஒன்று தரை. கடைகளின் தரை தண்ணீர் வடிவதற்காகச் சாக்கடைப் பக்கம் சரித்தே போடப்படுவதால், அத்தரையில் நிற்கும் காரின் ஒளியைச் சுவரில் அளப்பது பிழையிலிருந்து தொடங்குவதாகும். கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயின் ஒரு முனையை விளக்கின் மையத்திலும் மறுமுனையைச் சுவரிலும் பிடித்து மட்டக்கோடு இட்டு, காரின் சக்கரங்கள் நிற்கும் இடத்தின் சரிவையும் கணக்கில் எடுத்தபின் திருகைத் தொட வேண்டும். ஒளிக்கோட்டை அளக்கும் வில்லைப் பெட்டி வைத்திருக்கும் கடைக்கும்கூட இத்தரைக் கணக்கு பொருந்தும்.

2017ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த மூன்றாம் தலைமுறை மைவியின் எல்லா வகைகளிலும் எல்.இ.டி. முகப்பு விளக்கு இயல்பாகவே இடம்பெற்றது. அதன்பின் பல்பு மாற்றும் வேலை மெல்லக் குறைந்து, தொழிலின் முகம் மாறி வருகிறது. இவ்விளக்குகளில் சில்லு தனியாகக் கழலாது. அது பழுதுபட்டால் முழு விளக்கையும் மாற்றும்படியே அமைத்திருக்கிறார்கள். அந்தச் செலவைத் தாங்க முடியாத மின்-அழைப்பு வாடகைக் கார் ஓட்டுநர்கள் இப்போது வயர்மேனிடம் கொண்டுவருவது, நீர் புகுந்து பச்சை பூத்த மின்பலகைகளை. விளக்கைத் திறந்து, பலகையை ஆல்கஹாலால் கழுவி, கருகிய பாகத்தை மாற்றிச் சாலிடர் வைத்து, பழைய பியூட்டைலைச் சுரண்டி எடுத்துப் புதியதை இட்டு மூடும் இவ்வேலைக்கு, புரொஜெக்டர் பொருத்திப் பழகிய கைகளே முதலில் தேறின. மூடிய விளக்கைத் தண்ணீரில் அமிழ்த்தி, காற்றுத்துளை வழியே மெல்ல ஊதிக் குமிழி வருகிறதா என்று பார்த்தபின்னரே காரில் ஏற்றுகிறார்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் பழைய விளக்கு வாங்கி மாட்டினால் இரண்டின் வெண்மையும் ஒத்துப்போவதில்லை என்பதால், கூடுமானவரை உள்ள விளக்கையே சரிசெய்து தருவதை நல்ல கடைகள் விரும்புகின்றன.